வாக்கை நம்பி வழிநடந்த வாகீசர்

திருநாவுக்கரசு நாயனாருடைய சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் நாயனாருடைய பிறப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். யான் அவருடைய தமக்கையாரிலிருந்து தொடங்க விரும்புகின்றேன். இச்சரித்திரத்தில் இறைவன் அருளிய முதல் வாக்கு நாயனாருக்கு அருளப்பட்டதன்று; திலகவதியாருக்கே அருளப்பட்டது. அது நிறைவேறும்வரை நம்பியிருந்தவரும் அவ்வம்மையாரே.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் குலத்துக் குறுக்கையர் குடியிலே, புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த பிள்ளைகள் இருவர். மூத்தவர் திலகவதியார். இளையவர் மருணீக்கியார். திலகவதியாருக்கு 12 வயசாகும் வேளையில் அரசனுடைய சேனைத் தலைவராகிய கலிப்பகையார் பெண் கேட்டுப் பெரியோரை அனுப்பினார். புகழனாரும் இசைந்தார். மணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசனால் ஏவப்பட்டு, வடபுலத்து மன்னரோடு பொரும்பொருட்டுப் போர்க்களஞ் சென்றார். அவர் அங்கே நின்று பொருத காலத்தில் இங்கே புகழனார் நோயுற்று இறந்தார். கணவரைப் பிரிந்து வாழமாட்டாத மாதினியாரும் உடன் இறந்தார். அந்தத் துக்கம் ஆறுமுன்னே கலிப்பகையார் களத்திற் பட்டார் என்னுஞ் செய்தி வந்தது.

தந்தையார் தம்மை அவருக்கென்று கொடுக்க இசைந்துவிட்டபடியால் தம் உயிரும் அவருக்கே உரியதென்று கொண்டு திலகவதியார் உயிர்விடத் துணிந்தார். சிறுவராகிய மருணீக்கியார் அவருடைய காலில் விழுந்து அழுதார். தந்தையும் தாயும் போன பின்னும் தமக்கையாரை வணங்கலாம் என்னும் எண்ணத்தினாலேயே தாம் உயிரோடிருப்பதாகவும், அவர் போவதாயின் அவருக்கு முன்னே தாம் போய்விடுவதாகவும் சொன்னார். தம்பியார் வாழவேண்டும் என்னும் அந்த ஒன்றுக்காக அம்மையார் உயிர்தாங்கி இருந்தார். அணிகலன் பூணாது, மனையிலிருந்தே தவம் புரிந்தார்.

அப்படித் தாங்கிக்கொண்ட உயிருக்குக் கிடைத்த கைம்மாறு யாது? தம்பியார் வளர்ந்தார், கற்றார், அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தரும் வைத்தார், சோலை வளர்த்துக் குளமுந் தொட்டார். பின்னர் உலகத்து நிலையாமையை நினைந்து நினைந்து, மெய்ந்நெறி எதுவென்று தேடிச் சமண சமயத்தைச் சார்ந்தார். இளமையிலே அடுத்தடுத்து மூன்று சாவைக் கண்ட ஒருவர், நிலையாமையை விரித்துப் பேசும் சமயத்தின்பாற் சென்றது வியப்பன்று என்பது என் எண்ணம். இக்காலத்துக் கடலூரைச் சார்ந்த பாடலிபுத்திரம் என்னும் இடத்திலே சமணப்பள்ளி இருந்தது. அங்கே அவர் அந்நூல்களையெல்லாம் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயருந் தலைமையும் பெற்றார். திலகவதியாரோ தனித்தார். கெடில நதியின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அங்கே ஒரு மடம் அமைத்துக்கொண்டு, நாள்தோறும் விடியுமுன் எழுந்து திருக்கோயிலை அலகிட்டு, சாணத்தால் மெழுகி, பூக்கொய்து மாலை கட்டி வந்தார். தம்பியாரை மீட்டுத் தரவேண்டுமென்று ஒவ்வொரு நாளும் விண்ணப்பித்தார்.

ஒருநாள் இரவு இறைவன் கனவிலே தோன்றி, கவலையை ஒழிக்கும்படியும், அவருடைய தம்பி முன்னைப் பிறப்பிலே தம்மை அடையத் தவஞ்செய்தவன் என்றும், சூலை நோயினாலே அவனை ஆட்கொள்ளப்போவதாகவும் அருளினார். இதுதான் அந்த முதல் வாக்கு. மீட்டுத்தாரும் என்று கேட்ட தமக்கைக்கு, நோய் தந்து மீட்பேன் என்பதே மறுமொழி. நம்மில் யார் இத்தகைய வாக்கைக் கேட்டு மகிழ்வோம்?

சூலை பற்றியது. வயிற்றினுள்ளே நெருப்பும் நஞ்சும் புகுந்தாற்போலத் தருமசேனர் துடித்தார். சமணர்கள் மந்திரித்தார்கள்; பீலியால் தடவினார்கள்; தீரவில்லை. அவர்கள் கைவிட்டபின்னர் அவருக்குத் தமக்கையாருடைய நினைவு வந்தது. சமையற்காரனை அழைத்துத் திருவதிகைக்கு அனுப்பினார். அவன் போய்ச் சேர்ந்தபோது அம்மையார் நந்தவனத்திலே நின்றார் என்று சேக்கிழார் சொல்லுவார். பெரியபுராணத்தை வசனமாகப் படிப்போர் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுவர். யான் இங்கே சற்று நிற்க விரும்புகின்றேன். வாக்குக் கிடைத்த பின்னும் அவருடைய வேலை மாறவில்லை. தம்பி எப்போது வருவான் என்று தெருவாயிலிற் காத்து நின்றாரல்லர், பூங்கொல்லையிலே நின்றார்.

அடுத்து நிகழ்ந்ததோ இன்னும் அரியது. தம்பியார் நோயால் வருந்துகின்றார், அழைக்கின்றார் என்று சமையற்காரன் சொன்னபோது, சமணர் இருக்கும் இடத்துக்குத் தாம் வருவதற்கில்லை என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினார். முதன்முறை இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. எந்தத் தம்பிக்காக உயிரைச் சுமந்தாரோ அந்தத் தம்பி துடிக்கும்போது போகாதிருப்பதா? சமயப் பிடிவாதம் என்று சிலர் சொல்லக்கூடும். யான் அப்படிக் கொள்ளவில்லை. ஆட்கொள்வதாக இறைவன் சொல்லிவிட்டார். தாம் அங்கே ஓடிச்சென்று பள்ளியின் வாயிலில் உட்கார்ந்து மருந்து காய்ச்சிக் கொடுத்தால், தம்பி அங்கேயே கிடப்பான். அவனைக் கொண்டுவருபவர் வேறொருவர். கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வதே தம் பங்கு. இவ்வளவு தெளிவும் அந்த மறுமொழியினுள் இருக்கின்றது. அதைச் சொல்லிவிட்டு அன்றிரவு அவர் எப்படித் துயின்றிருப்பார் என்பதை உடன்பிறந்தோர் உள்ளவர்கள் எண்ணிப்பார்க்கட்டும்.

சமையற்காரன் சொன்னதைக் கேட்ட தருமசேனர் பாயையும் குண்டிகையையும் பீலியையும் விட்டு, வெள்ளாடை உடுத்து, ஒருவருங் காணாத இருளிலே, தாங்குவார் மேற் சாய்ந்து நடந்து திருவதிகை மடத்தை அடைந்தார். தமக்கையாரின் காலில் விழுந்தார். அம்மையார் ஒரு கடுஞ்சொல்லுஞ் சொல்லவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். அப்போது திருப்பள்ளியெழுச்சி வேளை. அலகும் சாணமும் தண்ணீர்க்குடமும் எடுத்துக்கொண்டு, நாள்தோறும் போகும் அதே பணிக்குத் தம்பியாரையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். வீரட்டானேசுவரர் திருமுன்னே மருணீக்கியார் முதற் பதிகம் பாடினார். சூலை நீங்கியது. நாவுக்கரசு என்னும் திருநாமம் வழங்குவதாக அசரீரி எழுந்தது. வாகீசர் என்பது அதன் வடமொழி வடிவம்.

அன்று தொடங்கி நாவுக்கரசர் கையிலே உழவாரம் ஏறியது. கோயில் வீதிகளிற் புல்லுஞ் செடியுஞ் செதுக்கும் கருவி அது. பாட்டினால் நாடறிந்தவர் ஆனபின்னும், அரசன் வணங்கும் நிலைக்கு வந்தபின்னும், அதை அவர் கீழே வைக்கவில்லை. நம் கோயில்களிலே சமய குரவர் நால்வர் நிற்கும் வரிசையில் அவரை அடையாளங் காட்டுவது தோளிற் சார்த்திய அந்தக் கருவிதான். தமக்கையார் அலகு பிடித்ததைப் பார்த்தே தம்பியார் உழவாரம் பிடித்தார் என்று எனக்குத் தோன்றுகின்றது. நோய் தீர்ந்ததை அவர் நாவினாற் பாடி நினைவுகூர்ந்தது ஒருபுறமிருக்க, ஒவ்வொரு நாளும் முதுகை வளைத்து நினைவுகூர்ந்தார்.

இதன்பின் வந்த துன்பங்களை எல்லாரும் அறிவர். சமணர் பல்லவ அரசனிடம் முறையிட்டமையும், நீற்றறையில் ஏழு நாள் அடைத்தமையும், நஞ்சு கலந்த பாற்சோறு ஊட்டியமையும், யானையை ஏவியமையும், கல்லிற் கட்டிக் கடலில் இட்டமையும், அக்கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தமையும் பள்ளிப்பிள்ளைகளும் சொல்லும் கதைகள். இவற்றைப் பின்வந்தோர் கட்டிய கதை என்று முற்றாகத் தள்ளுவோர் ஒன்றை நோக்கவேண்டும். கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்டதை நாயனார் தம் திருநீலக்குடிப் பதிகத்திலே தாமே குறிப்பிட்டிருக்கின்றார். அரசன் மகேந்திரவர்மன் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அவன் ஆட்சி ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்தது. பிற்பாடு அவன் சைவனாகித் திருவதிகையிலே குணபரவீச்சரம் கட்டினான் என்பது சேக்கிழார் வாக்கு. குணபரன் என்பது அவ்வரசனுடைய விருதுப்பெயர். அவன் வேற்றுநெறியிலிருந்து இலிங்க வழிபாட்டுக்குத் திரும்பியதைத் திருச்சிராப்பள்ளி மலைக் குகைக்கோயிற் சாசனம் குறிப்பாகச் சொல்லுகின்றது என்பர்.

இந்தப் பகுதியைச் சொல்லும்போது சமணரை இழித்துரைத்துக் கைதட்டல் பெறும் மேடைவழக்கம் ஒன்று உண்டு. அது எனக்கு உடன்பாடன்று. நாலடியாரையும் சீவகசிந்தாமணியையும் தமிழுக்குத் தந்தவர்கள் அவர்களே. அக்காலத்துப் பகை அக்காலத்தோடு போகட்டும். சரித்திரத்தின் உயிர்நிலையும் அங்கே இல்லை. நீற்றறையும் யானையும் ஒருவனை நாடிவரும் சோதனைகள், தப்பவழியில்லை, தாங்குவதே செய்யத்தக்கது. ஆனால் போ என்றால் போவதும், வா என்றால் வருவதும், ஏன் என்று கேளாதிருப்பதும் வேறுவகைச் சோதனை. அதைப்பற்றி மேடைகளிற் பேசக் கேட்டது குறைவு.

யான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். நாள்தோறுங் காலையில் நிகழும் செபக்கூட்டத்திலே வாக்குத்தத்தம் என்னும் சொல் அடிக்கடி காதில் விழும். தான் பிறந்த ஊரையும் இனத்தையும் விட்டு, இனிமேற் காட்டப்படும் ஒரு தேசத்துக்குப் புறப்படும்படி ஆபிரகாம் ஏவப்பட்டான் என்றும், போகுமிடம் இன்னதென்று அறியாமலே புறப்பட்டான் என்றும் போதகர் விளக்குவார். நம் சமயத்தில் இதற்கு நிகராக ஒன்று உண்டோ என்று அக்காலத்தில் எனக்குள்ளே கேட்டுக்கொண்டதுண்டு. விடை வீட்டு அலுமாரியில் இருந்தது. ஆறுமுக நாவலர் 1852 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரியபுராண வசனத்தின் பிற்காலப் பதிப்பொன்று பாட்டனார் காலந்தொட்டு அங்கே கிடந்தது. நாவலரும் மிஷன் பாடசாலையிற் படித்தவர், அங்கேயே படிப்பித்தவர் என்பதை நினைக்கும்போது அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது பொருத்தமென்றே படுகின்றது.

திருத்தூங்கானைமாடத்திலே இடபக்குறியும் சூலக்குறியும் பெற்று, தில்லையை வணங்கி, சீகாழியிலே திருஞானசம்பந்தப் பிள்ளையாரால் அப்பரே என்று அழைக்கப்பெற்று, நாவுக்கரசர் சோழநாட்டுத் தலங்களை வணங்கி வருகின்றார். திருச்சத்திமுற்றத்தை அடைந்தார். அங்கே அவர் கேட்டது ஒன்றே: கூற்றுவன் வந்து குமைப்பதற்கு முன்னே இறைவன் தம் திருவடியைத் தம்முடைய தலைமேற் பொறிக்கவேண்டும். கேட்ட இடம் சத்திமுற்றம், நின்றது சந்நிதி. ஆனால் இறைவன் அங்கே வைத்தாரல்லர். நல்லூருக்கு வரும்படி சொன்னார்.

நல்லூர் என்றவுடன் நம்மவர்க்குக் கந்தசுவாமி கோயிலே நினைவில் வரும். இது சோழநாட்டு நல்லூர், கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ளது, சத்திமுற்றத்திலிருந்து பெருந்தொலைவன்று. எங்கும் நிறைந்த பொருள் இங்கே செய்ய இயலாததை அங்கே செய்வது எங்ஙனம் என்று ஒரு மாணாக்கன் கேட்கலாம். தருக்க நூல் படித்தவன் கட்டாயங் கேட்பான். நாவுக்கரசரும் தருக்கம் படித்தவர்தாம். சமணப்பள்ளியிலே புத்தரை வாதில் வென்று பெயர் பெற்றவர். அவர் கேட்கவில்லை. மகிழ்ந்து எழுந்து நல்லூருக்கு நடந்தார். அங்கே வணங்கி எழும்போது, அவர் நினைத்ததை முடித்துத் தருவதாகச் சொல்லி இறைவன் திருவடியை அவருடைய சென்னிமேற் சூட்டினார். வறியவன் பெருநிதி பெற்றாற்போல நாயனார் களித்தார். அக்களிப்பை ஒரு திருத்தாண்டகமாகப் பாடினார். அப்பதிகத்தின் பாட்டுத்தோறும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவது திருவடி தம் தலைமேல் வைக்கப்பட்ட அந்த ஒரு செய்தியையே. பாட்டு வளம் இல்லாமையால் ஒன்றையே திருப்பிச் சொன்னார் என்று யாரும் நினையார். செய்ந்நன்றி நினைப்பவன் வாய் அப்படித்தான் பேசும்.

திங்களூரில் அப்பூதியடிகள் நாயனாரைக் கண்ணாலுங் காணாமல், அவர்மேல் வைத்த அன்பினாலே, பிள்ளைகளுக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் அவருடைய பெயரையே இட்டிருந்ததையும், பாம்பு தீண்டி இறந்த மூத்த மகன் நாயனாருடைய பதிகத்தால் எழுந்ததையும் விரிக்க இடமில்லை. திருவீழிமிழலைக்கு வருவோம்.

நாயனாரும் பிள்ளையாரும் அங்கே தங்கியிருந்தபோது மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்கள் வாடுவதைக் கண்டு இருவரும் கவன்றனர். இறைவன் கனவிலே தோன்றி, காலவேற்றுமையால் அவர்கள் மனம் வாடாதிருப்பினும், அவர்களை வழிபடும் அடியார்க்காகப் படிக்காசு தருவதாக வாக்களித்தார். அப்படியே நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு கிடைத்தது. அதைக்கொண்டு இரு மடங்களிலும் அமுது சமைத்தார்கள். ஆனால் பிள்ளையார் மடத்தில் மட்டும் உணவு தாமதித்தது. விசாரித்தபோது காரணம் வெளிப்பட்டது. பிள்ளையாருடைய காசுக்குக் கடைக்காரர் வாசி என்னும் வட்டம் கழித்தனர். நாவுக்கரசருடைய காசுக்கு வட்டமில்லை. இறைவன் மைந்தரெனப் போற்றப்படும் பிள்ளையாருக்குக் குறைந்த காசு. வயசிலே முதிர்ந்த தொண்டருக்கு நல்ல காசு. நாவுக்கரசர் கைத்தொண்டு செய்பவர் என்பதே வேறுபாடு. பிள்ளையார் வாசி தீரப் பாடினார். மறுநாள் முதல் நற்காசு வந்தது. வரவு செலவு அறிந்த நம் வணிகப் பெரியோர்கள் இந்த வரலாற்றை மிக விரும்புவர் என்பது என் அனுபவம். இதில் எனக்கு இன்பந்தருவது வேறொன்று. வாக்கு மாறாமல் வந்த காசைப் பெற்றுக்கொண்டும் நாவுக்கரசர் உழவாரத்தை ஓய்வெடுக்க விடவில்லை. பஞ்சகாலத்திலும் வீதியிற் புல் செதுக்கியிருக்கின்றார்.

அடுத்தது திருமறைக்காடு. வேதாரணியம் என்று நாம் சொல்லும் ஊர் அது. வடமராட்சிக் கடலுக்கு அக்கரை. வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட கதவை ஒருவருந் திறக்கமாட்டாமல் வேறு வாயிலாற் போய் வணங்கி வந்தனர். பிள்ளையார் வேண்ட, நாவுக்கரசர் கதவு திறக்கப் பாடினார். கதவு உடனே திறக்கவில்லை. பதிகம் முடியும்வரை பாடி, இரக்கமில்லையோ என்னும்படி முறையிட்ட பின்னரே திறந்தது. உள்ளே போய் வணங்கி மீண்டபின், அடைக்கும்படி பிள்ளையார் பாடினார். முதற் பாட்டிலேயே கதவு அடைந்தது.

அன்றிரவு நாவுக்கரசருக்கு மனம் நிலைகொள்ளவில்லை. அடைக்கப் பாடியவருக்கு ஒரு பாட்டோடு அருள் கிடைத்தது; தமக்கோ பதிகம் முழுவதும் வேண்டியிருந்தது. தாம் இறைவனுடைய திருவுள்ளத்தை அறியாமற் பாடினேமோ, திறப்பது அவர் கருத்தன்றோ என்று அஞ்சி வருந்திக் கிடந்தார். நீற்றறையிற் கலங்காதவர் இங்கே கலங்கினார். அடியார் பெருமையெல்லாம் கலங்காமையே என்று பேசுவோர் இந்த இரவை மறந்துவிடுகின்றனர். பரீட்சை மண்டபத்திலிருந்து வெளியே வந்து, பக்கத்திலிருந்தவன் எழுதிய விடையைக் கேட்டுத் தன் விடையை நினைந்து வாடும் மாணாக்கன் இந்த இரவை ஓரளவு அறிவான். ஆயினும் அவன் அஞ்சுவது தன் புள்ளிக்காக, நாயனார் அஞ்சியது ஆண்டவன் கருத்துக்கு மாறாக நடந்துவிட்டேமோ என்பதற்காக.

அந்த வருத்தத்தோடு அவர் துயிலும்போது இறைவன் தோன்றி, தாம் வாய்மூரில் இருப்பதாகவும் தம்மைத் தொடர்ந்து வரும்படியும் சொன்னார். நாயனார் உடனே எழுந்தார். முன்னே திருவுருவம் போகின்றது. அண்மையிலே தெரிகின்றது, எட்டிப் பிடிக்க இயலவில்லை. இப்படி இருளிலே நெடுவழி போனபின், ஒரு திருக்கோயிலைக் காட்டி அவ்வுருவம் மறைந்துவிட்டது. அழைத்தவரே ஒளிந்துகொண்டார்! செய்தியறிந்து பிள்ளையாரும் பின்தொடர்ந்து வந்து சேர்ந்தார். திறக்கப் பாடிய தமக்கு ஒளிப்பதாயினும், அடைக்கப் பாடியவர் இதோ வந்து நிற்கின்றாரே, அவருக்கு எப்படி ஒளிப்பது என்று நாயனார் பாடினார். பிள்ளையாருக்கு இறைவன் திருக்காட்சி நல்கினார். பிள்ளையார் காட்ட நாவுக்கரசரும் கண்டார். வாக்குப் பொய்க்கவில்லை. ஆனால் அது நிறைவேறியது அவர் எதிர்பார்த்த கையால் அன்று. தம்மைவிட எளிதில் அருள்பெற்ற இளையவர் ஒருவருடைய துணையினாலேயே காட்சி கிடைத்தது. இதற்காக அவர் சற்றேனும் முகம் கோணினாரென்று சேக்கிழார் குறிக்கவில்லை. பிற்காலத்தில் திருப்பூந்துருத்தியிலே பிள்ளையாருடைய முத்துச்சிவிகையைச் சுமப்பாரோடு சுமப்பாராய் ஒருவரும் அறியாமற் புகுந்து தோள் கொடுத்தவர் இவரே. அப்பர் எங்கே இருக்கின்றார் என்று பிள்ளையார் வினாவ, சிவிகையின் கீழிருந்து மறுமொழி வந்தது.

முதுமை வந்தது. திருக்காளத்தியை வணங்கியபோது, வடகயிலையிலே இறைவன் வீற்றிருக்கும் கோலத்தைக் காணவேண்டுமென்னும் ஆசை மூண்டது. வடதிசை நோக்கி நடந்தார். காசிக்கு அப்பால் மனிதர் செல்லும் வழியில்லை. தனியே சென்றார். பாதம் தேய்ந்தது, கைகளால் தாவிச் சென்றார். கைகளும் மணிக்கட்டுவரை கரைந்தன, மார்பினால் உந்தினார். மார்பும் நைந்து எலும்பு முறிந்தது, புரண்டு சென்றார். அதுவும் முடியாதபோது வழியிலே கிடந்தார்.

இறைவன் ஒரு முனிவர் வடிவில் வந்து, மானிடர் அடையத்தக்க இடமன்று, திரும்பிப் போவதே தக்கது என்றார். நாயனார் மறுத்தார். ஆளும் நாயகன் கயிலையில் இருக்கும் கோலத்தைக் கண்டல்லாமல் இந்த அழியும் உடம்போடு மீள்வதில்லை என்றார். முனிவர் மறைந்தார். பின்னர் விண்ணிலிருந்து வாக்கு எழுந்தது. எழுந்திருக்கும்படி முதலிற் பணித்தது. உடம்பு முன்போல ஆயிற்று. அடுத்துச் சொன்னது, முன்னேயுள்ள பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே எழுந்து அங்கே கயிலைக் கோலத்தைக் காணும்படி.

இந்த இடத்திலே நாயனாருடைய நிலையில் நம்மை வைத்துப் பார்க்கவேண்டும். மறுப்பதற்கு அவருக்கு முழு நியாயமும் இருந்தது. இப்போது உடம்பு புதிதாயிற்று, கால்கள் உள்ளன, இன்னும் சிறிது நடந்தால் மலை. அந்நேரத்திலே திரும்பிப் போ என்பதா? அதுவும் திருவையாற்றுக்கு! காவிரிக்கரையிலே அது அவர் பழகித் திரிந்த சூழல். திங்களூரும் திருப்பழனமும் அதற்குப் பக்கத்தூர்கள். அங்கே காணக்கூடியதற்காகவா காசியையுங் கடந்து உடம்பைத் தேய்த்தது? முனிவர் போ என்றபோது மறுத்தவர், ஆண்டவன் வாக்கென்று அறிந்த அளவிலே மறுசொல் இன்றிப் பொய்கையில் மூழ்கினார். கயிலையைக் காண்பதற்காகக் கயிலைக்கு முதுகு காட்டினார். நல்லூருக்கு நடந்து பழகிய கால் என்றே இதைச் சொல்லத் தோன்றுகின்றது.

திருவையாற்றுக் குளத்திலே எழுந்தார். கரையேறிக் கோயிலை நோக்கி வரும்போது எதிர்ப்பட்ட உயிர்களெல்லாம் ஆணும் பெண்ணுமாக, சிவமும் சத்தியுமாக அவருக்குத் தோன்றின. களிறும் பிடியும், கோழியும் பேடும், மயிலும் துணையும் அவர் பாட்டிலே இடம்பெற்றன. கோயிலே கயிலையாயிற்று. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றிலே இக்காட்சியை விழாவாகக் கொண்டாடுகின்றனர்.

கடைசியாக அவர் வந்து தங்கியது திருப்புகலூர். மூப்பிலும் உழவாரம் ஓயவில்லை. அவருடைய மனநிலையை உலகுக்குக் காட்ட, அவர் செதுக்கிய இடமெல்லாம் பருக்கைக் கல்லோடு பொன்னும் நவமணியும் விளங்கும்படி இறைவன் செய்தார். நாயனார் அவற்றையும் கல்லோடு கல்லாக உழவாரத்தில் ஏந்திக் குளத்தில் எறிந்தார். புல்லும் கல்லும் பொன்னும் அவருக்கு வீதியைத் துப்புரவாக்குவதற்கு இடையூறாகக் கிடந்தவை, அவ்வளவே. தேவமகளிர் வந்து ஆடியும் பாடியும் நின்றனர். அவர் வேலை குழம்பவில்லை.

திருப்புகலூரிலே வா என்ற குரலும் எழவில்லை, கனவும் வரவில்லை. இறைவன் தம்மை இனித் திருவடிக்கீழ் இருத்துவான் என்பதை அவர் தாமே முன்னதாக உணர்ந்தார் என்று சேக்கிழார் சொல்லுவார். அவ்வுணர்வோடு பதிகங்கள் பாடினார். அவர் பாடியவற்றுள் இன்று நமக்குக் கிடைப்பன முந்நூற்றுக்கு மேற்பட்ட பதிகங்கள். நான்காம், ஐந்தாம், ஆறாந் திருமுறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஒரு சித்திரைச் சதய நாளிலே அண்ணலார் சேவடியை அடைந்தார். அப்போது அவருக்கு வயசு 81 என்பது மரபு. ஆண்டுதோறும் அந்நாளிலே குருபூசை நடைபெறுகின்றது. திருவதிகைக் கோயிலிலே தம்பியாருக்கு மட்டுமன்றித் திலகவதியாருக்கும் சந்நிதி உண்டு. அலகும் சாணமும் தண்ணீர்க்குடமும் ஏந்தி, ஒரு விடியற்காலையிலே தம்பியாரை அவர் அழைத்துப்போன கோயில் அதுவே.